தோட்டத்து வீட்டுக்குக் கடுவனா, பெட்டையா?

நாய்க்குட்டி ஒன்று எடுத்து வளர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் முதலில் எழும் கேள்வி, ‘கடுவனா, பெட்டையா?’ என்பதுதான். பல வீடுகளில் இது கேள்வியாகக்கூட எழுவதில்லை. ‘பெட்டையை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது? கடுவனாகப் பார்த்து எடுத்து வா’ என்று பெரியவர்கள் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் நாய் குட்டி போட்டிருந்தால், குட்டிகள் கண் திறந்த நாளிலேயே கடுவன்களுக்கு ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். ஒன்றரை மாதத்தில் அவை ஒவ்வொன்றாகப் போய்விடும். மீதமுள்ள பெட்டைக் குட்டிகளைக் கேட்க ஆள் இராது. ஒரு நாள் விடியற்காலையில் அவை சாக்குப் பையில் ஏறும். சந்தைப்பேட்டை ஓரத்திலோ, ஏரிக்கரையிலோ, கோயில் வாசலிலோ இறக்கி விடப்படும்.

இப்படி விடப்படும் குட்டிகளில் பல, வண்டியில் அடிபட்டும் நோய் கண்டும் செத்துப்போகின்றன. பிழைத்தவை அடுத்த ஆண்டே தெருவில் குட்டி போடுகின்றன. அந்தக் குட்டிகள் வளர்ந்து கூட்டமாகத் திரியத் தொடங்கினால் விவசாயிக்குத்தான் முதல் நட்டம். திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரங்களில் தெரு நாய்கள் இரவில் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், 2024, 2025 ஆண்டுகளில் ஆடு வளர்ப்போர் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் பலரும் அறிவர். பெட்டைக் குட்டி வேண்டாம் என்று ஒவ்வொரு வீடும் ஒதுக்குவதன் பலன், சுற்றி வந்து அதே ஊர் ஆட்டுப் பட்டியில் விடிகிறது.

உண்மையில் பெட்டையை வேண்டாம் என்பதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அது குட்டி போடும். அந்த ஒரு காரணத்தை ஒரே ஒரு அறுவைச் சிகிச்சையால் நீக்கிவிட முடியும். அதன்பின் கடுவனையும் பெட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல தோட்டத்து வீடுகளுக்குப் பெட்டையே ஏற்றது என்பது விளங்கும். எல்லா வீட்டுக்கும் அல்ல. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை விவரமாகப் பார்க்கலாம்.

குணத்தில் உள்ள வேறுபாடு

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிடையே கடுவன் சற்று உயரமாகவும், எடை கூடியும், தலையும் கழுத்தும் பருத்தும் வளரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாட்டு இனங்களிலும் இப்படித்தான். பெட்டை சற்று ஒடிசலாக, உடல் நீண்டு இருக்கும். தோற்றத்தைக் கண்டே அந்நியர் அஞ்ச வேண்டும் என்றால் கடுவனுக்கு ஒரு படி கூடுதல்தான். ஆனால் காவல் என்பது உருவத்தால் மட்டும் ஆவதல்ல. அந்நியர் அரவம் கேட்டுக் குரைப்பது, வீட்டாரை இனங்கண்டு கொள்வது, எல்லையை விட்டு விலகாமல் இருப்பது ஆகிய மூன்றுமே காவலுக்கு வேண்டியவை. முதல் இரண்டில் கடுவனுக்குப் பெட்டை இளைத்ததல்ல. மூன்றாவதில் பெட்டையின் கை ஓங்கியிருக்கிறது.

பெட்டை பொதுவாக வீட்டைச் சுற்றியே இருக்கும். சொல்வதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெட்டை சில மாதங்கள் முன்னதாகவே முதிர்ச்சி அடைந்துவிடுவதால், கடுவன் இன்னும் செருப்பைக் கடித்துக்கொண்டு திரியும் வயதில் பெட்டை காவலுக்கு நிற்கத் தொடங்கிவிடுவதுண்டு. கடுவன் விளையாட்டுப் புத்தி மாற நாளாகும். ஆனால் பாசத்தை வெளிப்படையாகக் காட்டும். கூடவே ஓடி வரும். யார் தடவிக் கொடுத்தாலும் குழையும் கடுவன்களும் உண்டு.

இவையெல்லாம் பொதுவாகச் சொல்லப்படுபவை. ஒரு கடுவனுக்கும் இன்னொரு கடுவனுக்கும் உள்ள வேறுபாடு, கடுவனுக்கும் பெட்டைக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். குட்டியின் குணத்தை அதன் பாலைவிட, அதன் தாய் தந்தையின் குணமும், அது முதல் மூன்று மாதம் வளர்ந்த விதமும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன.

கடுவனின் அலைச்சல்

காயடிக்காத கடுவனுக்குப் பருவகாலம் என்று தனியே ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் அது தயார்தான். எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் காற்றில் வரும் வாடையே போதும். வேலி தாண்டி ஓடிவிடும். இரண்டு நாள், மூன்று நாள் வீடு திரும்பாது. அந்த நாட்களில் தோட்டத்துக்குக் காவல் இல்லை. திரும்பி வரும்போது காது கிழிந்து, கால் நொண்டி, உடம்பெல்லாம் கடிகாயத்தோடு வரும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுத் திரும்பாமலே போவதும் உண்டு. புரட்டாசி தொடங்கி மார்கழி வரை தெரு நாய்கள் கூட்டங்கூட்டமாகத் திரியும் காலத்தில் இந்தத் தொல்லை அதிகம்.

அந்தக் கடிகாயங்களை அலட்சியமாக விடக்கூடாது. வெறிநோய்க் கிருமி நோய் கண்ட நாயின் எச்சிலில் இருக்கிறது. தெருச் சண்டையில் கடிபட்டு வந்த வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடப்படாமல் இருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்த நோய் வீட்டுக்குள் வந்து நிற்கும். கறவை மாட்டையோ குழந்தையையோ அது கடித்தால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறிகுறி வெளிப்பட்ட பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது.

கடுவனுக்கு இன்னொரு பழக்கம், தன் எல்லை என்று காட்டக் கண்ட இடத்தில் எல்லாம் காலைத் தூக்குவது. வரப்பு மூலை, மோட்டார் கொட்டகைச் சுவர், மோட்டார் சைக்கிள் சக்கரம் என்றிருந்தால் பரவாயில்லை. வைக்கோல் போர், தீவனத் தொட்டி, களத்தில் குவித்த தானியம் என்று போனால் தொல்லைதான். எலிக் காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடியது என்பதால், தீவனமும் தண்ணீர்த் தொட்டியும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருப்பது நல்லது. பெட்டை பெரும்பாலும் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்கும். பருவ காலத்தில் மட்டும் அங்கங்கே தெளிப்பதுண்டு.

வேலைக்கும் இடத்துக்கும் தக்கபடி நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு விண்வெளியிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். 1957 நவம்பர் 3-ஆம் நாள் சோவியத் நாடு விண்கலத்தில் அனுப்பிய லைகா என்ற நாய், மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட பெட்டை. 1960 ஆகஸ்டில் பூமியைச் சுற்றிவிட்டு உயிருடன் திரும்பிய பெல்கா, ஸ்திரெல்கா இரண்டும் பெட்டைகளே. குறுகிய கூண்டுக்குள் காலைத் தூக்க இடம் இல்லை. கழிவைச் சேகரிக்கும் கருவியும் பெட்டைக்குத்தான் எளிதாகப் பொருந்தியது. அந்த விஞ்ஞானிகள் கடுவன் உயர்ந்ததா, பெட்டை உயர்ந்ததா என்று வாதம் செய்யவில்லை. எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்று பார்த்தார்கள். விவசாயியும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பெட்டையின் பருவ காலம்

பெட்டை நாய் ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பெரிய உடலமைப்புள்ள இனங்களில் இது ஒன்றரை வயது வரை தள்ளிப்போகலாம். அதன்பின் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவம் வரும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் நாய்களும் உண்டு. ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும்.

முதல் வாரத்தில் பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்த கசிவு காணும். கடுவன்கள் சுற்றி வந்தாலும் பெட்டை அண்டவிடாது. இரண்டாவது வாரத்தில் கசிவின் நிறம் வெளுக்கும். வீக்கம் சற்றுத் தளரும். இதைக் கண்டு ‘பருவம் முடிந்துவிட்டது’ என்று சிலர் கட்டை அவிழ்த்து விடுகிறார்கள். தவறு நேர்வது இங்கேதான். கசிவு வெளுக்கும் அந்த நாட்களில்தான் பெட்டை கடுவனை ஏற்றுக்கொள்ளும். கசிவு கண்ட முதல் நாளிலிருந்து 21 நாள் முழுமையாக எண்ணி முடிக்கும் வரை, கதவுள்ள கொட்டகையில் அடைத்து வைப்பதே பாதுகாப்பு. வெட்ட வெளியில் சங்கிலியில் கட்டுவது காவல் ஆகாது. கடுவன் அங்கேயே வந்துவிடும்.

இணை சேர்ந்த நாய்கள் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை பிரிய முடியாமல் பிணைந்து நிற்கும். அப்போது கல்லால் அடிப்பதும், சுடுநீர் ஊற்றுவதும், பிடித்து இழுப்பதும் கொடுமை மட்டுமல்ல. இரண்டு நாய்களுக்கும் உள்ளுறுப்பில் காயம் ஏற்படும். அவை தாமாகப் பிரியும்வரை விட்டுவிட வேண்டும். வேண்டாத சினை என்றால் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டி யோசனை கேட்கலாம். மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுத்துப் பார்க்கக்கூடாது.

சினைக் காலம் ஏறத்தாழ 63 நாள். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். ஆண்டுக்கு ஒரே ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் எட்டு ஆண்டில் 40 குட்டிகள். அத்தனைக்கும் நல்ல வீடு தேடித் தர எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ‘பெட்டை வேண்டாம்’ என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் காலத்தில் இதற்கு எளிதாக எட்டும் வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

கருத்தடை அறுவைச் சிகிச்சை

பெட்டைக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையில் சினைப்பைகளும் கருப்பையும் சேர்த்து அகற்றப்படுகின்றன. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் வலி தெரியாது. இதன்பின் பருவம் வராது, கசிவு இல்லை, கடுவன்கள் வாசலில் கூடுவதில்லை. கடுவனுக்கு விதைகளை அகற்றும் சிகிச்சை இதைவிட எளிது; காயமும் சிறியது. கிடா, காளைகளுக்குக் காயடிப்பதைக் கண்டு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நாய்க்கு நாட்டு முறையில் காயடிக்க முயலவே கூடாது. மருத்துவரின் கையால்தான் நடக்க வேண்டும்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி முதல், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் வரை அவற்றைச் சார்ந்த மருத்துவமனைகளில் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரித்தால், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் எந்த நாளில் செய்கிறார்கள் என்பதைச் சொல்வார்கள்.

எந்த வயதில் செய்வது என்பதில் கருத்து மாறிவருகிறது. சிறிய, நடுத்தர உடல் கொண்ட நாட்டுப் பெட்டைகளுக்கு முதல் பருவத்துக்கு முன்னதாகச் செய்வது வழக்கம். ராஜபாளையம் போன்ற உயரமான இனங்களுக்கு எலும்பும் மூட்டும் வளர்ந்து முடியும் வரை, அதாவது ஒரு வயதுக்கு மேல் ஆகும்வரை பொறுப்பது நல்லது என்று மருத்துவர்கள் பலர் கூறுகின்றனர். மிக இளவயதில் செய்தால் பெரிய இனங்கள் சிலவற்றில் மூட்டுக் கோளாறு அதிகமாகக் காணப்படுவதாக அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தினர் 35 இனங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகள் காட்டின. ஆகவே நாயின் இனத்தையும் வயதையும் சொல்லி மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்வதே சரி.

பருவத்தில் இருக்கும்போது இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால் அப்போது அறுவைச் சிகிச்சை செய்வதைத் தவிர்ப்பார்கள். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. சிகிச்சைக்கு முந்திய இரவே தீனியை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பத்து நாள் ஓடவிடாமல், குளிப்பாட்டாமல், புண்ணை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாணமும் சேறும் படாத உலர்ந்த இடம் அவசியம். கடுவனைப் பொறுத்தவரை, விதை அகற்றிய பின்னும் ஒன்றிரண்டு மாதம் வரை சினைப்படுத்தும் சக்தி மீந்திருக்கலாம். அதுவரை பெட்டையிடமிருந்து தனியே வைக்க வேண்டும்.

‘கருத்தடை செய்தால் நாய் மந்தமாகிவிடும், காவல் போய்விடும்’ என்ற பயம் பலருக்கு உண்டு. இது சரியல்ல. குரைப்பதும், எல்லையைக் காப்பதும், வீட்டாரிடம் உள்ள பற்றும் குறைவதில்லை. குறைவது அலைச்சலும், இணைக்காகப் போடும் சண்டையும்தான். கடுவனாக இருந்தால் தோட்டத்திலேயே தங்கும் என்பதால் காவல் கூடுகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பயத்தாலோ, அடிபட்டு வளர்ந்ததாலோ கடிக்கும் பழக்கம் வந்த நாய்க்கு அறுவைச் சிகிச்சை மருந்தாகாது.

இச்சிகிச்சைக்குப் பிறகு உடம்பு போடுவது உண்மை. தீனியின் தேவை குறைந்துவிடுவதால் முன்பு போட்ட அளவில் ஏறத்தாழக் கால் பங்கைக் குறைத்து, ஓட்டத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய உடல் கொண்ட சில பெட்டைகளுக்கு வயதானபின் படுத்திருக்கும்போது சிறுநீர் கசியும். இதற்கு மருந்து உண்டு.

பருவம் வராமல் தடுக்க ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செலவு குறைவு என்று இதை நாடுவது ஆபத்து. இத்தகைய ஊசிகளால் கருப்பையில் சீழ் கட்டுவதும், மடியில் கட்டி தோன்றுவதும் அதிகமாகின்றன.

வயதான காலத்து நோய்கள்

கருத்தடை செய்யாத பெட்டையை வைத்திருப்போர் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டிய நோய், கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வது. நடுத்தர வயதைக் கடந்த பெட்டைகளில், பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் இது தோன்றும். நாய் அடிக்கடி தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், தீனி எடுக்காது, வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். சில நாய்களுக்குப் பின்புறம் நாற்றமுள்ள சீழ் வடியும். சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பினால் அது இன்னும் ஆபத்தானது. ‘வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது’ என்று இரண்டு நாள் பார்த்திருந்து நாயை இழந்தவர்கள் பலர். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கருப்பையை அகற்றுவதே இதற்குச் சிறந்த சிகிச்சை. இளமையிலேயே அகற்றியிருந்தால் இந்த நோய்க்கே இடமில்லை. மடியில் தோன்றும் கட்டியும் கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளில்தான் அதிகம். மாதம் ஒரு முறை மடிக் காம்புகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, மொச்சைக்கொட்டை அளவு கட்டி தட்டுப்பட்டாலும் காட்டிவிட வேண்டும்.

காயடிக்காத கடுவனுக்கு வயதான காலத்தில் விதையில் கட்டி வரலாம். ஆசனவாயைச் சுற்றிக் கட்டி வரலாம். சிறுநீர்ப்பையின் கழுத்தில் உள்ள சுரப்பி வீங்கி, மலம் கழிக்க முக்கி அவதிப்படலாம். இணை சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் கட்டி நோய் கடுவன், பெட்டை இரண்டுக்கும் பொது. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதை வளர்ந்து இரத்தம் சொட்டும். வாரம் ஒரு முறை ஊசியாகச் சில வாரம் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கண்டதும் காட்ட வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது?

ஊருக்கு வெளியே தனித்த தோட்டத்து வீடு, சுற்றுச்சுவர் இல்லை, உயிர்வேலி மட்டும்தான் என்றால் கருத்தடை செய்த பெட்டை ஏற்றது. வீட்டுக்காரர் இரவில் தண்ணீர் கட்டப் போய்விட்டாலும் அது வாசலை விட்டு நகராது. சிறு குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கும் பெட்டை நல்லது. கையில் பிடித்து நடத்தும்போது இழுப்பின் வேகம் குறைவு. பெண்களாலும் பெரியவர்களாலும் சமாளிக்க முடியும். மேலும் மனிதரைக் கடித்த நாய்களைக் கணக்கெடுத்த ஆய்வுகள் பலவற்றில் காயடிக்காத கடுவன்களே மிகுதியாக இருந்தன.

உயரமான சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உள்ள பண்ணை, மரக்கிடங்கு, கோழிப்பண்ணை போன்ற இடங்களில், நாளும் நாயோடு பழகிப் பயிற்சி தர ஓர் ஆள் இருந்தால் கடுவனை வைக்கலாம். நாயை வயலுக்கும் சந்தைக்கும் கூடவே அழைத்துச் செல்லும் வழக்கமுள்ளவருக்கும் கடுவன் நல்ல துணை. இங்கும் காயடித்துவிடுவதே நல்லது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், அதற்கு மாறான பாலில் எடுக்க வேண்டும். கடுவனும் பெட்டையும் எளிதில் ஒத்துப்போகும். இரண்டு கடுவன்கள் உறுமிக்கொண்டே இருக்கும். இரண்டு பெட்டைகளுக்குள் பகை மூண்டுவிட்டால் அது ஆறவே ஆறாது. ஒன்றைப் பிரித்து அனுப்ப வேண்டிய நிலைகூட வரும். கடுவனும் பெட்டையுமாக வைத்திருந்தால் இரண்டில் ஒன்றுக்காவது, முடிந்தால் இரண்டுக்கும், கருத்தடை கட்டாயம். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை என்றாலும் நாய்களுக்கு அந்த முறை தெரியாது.

இனவிருத்திக்காக நாட்டு இனப் பெட்டையை வளர்ப்பது தனித் தொழில். குட்டிகளை வாங்குவோர் முன்கூட்டியே உறுதியாகி, இடமும் நேரமும் செலவிடப் பணமும் உள்ளவர்களே அதில் இறங்க வேண்டும். ‘ஒரு முறை குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது’ என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

குட்டி பார்க்கும் முறை

ஏழெட்டு வாரம் தாயிடம் பால் குடித்து, உடன்பிறந்தவற்றோடு விளையாடிய குட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். 30 நாளிலேயே பிரித்து எடுத்த குட்டி, கடிக்கும் பல்லின் அளவு தெரியாமல் வளரும். முதலில் தாயைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அந்நியரைக் கண்டு பதுங்காமலும் பாயாமலும் இருக்கும் தாயின் குட்டி நம்பத்தக்கது.

கடுவன் குட்டி என்றால் இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால், பின்னாளில் அது புற்றுக்கட்டியாக மாறும் வாய்ப்பு அதிகம். அறுத்து எடுத்துவிட வேண்டும். இக்குறை வழிவழியாக வருவது. அத்தகைய கடுவனை இனவிருத்திக்கு விடக்கூடாது. குட்டி கடுவனாயினும் பெட்டையாயினும் தொப்புளில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நிற இனங்களில் பிறவிச் செவிடு காணப்படுவதால், குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டி, திரும்பிப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். செவிட்டு நாய் பாசமாக இருக்கும். ஆனால் காவலுக்கு உதவாது.

எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

தாயின் வயிற்றிலும் பாலிலுமே குட்டிக்குக் குடற்புழு வந்துவிடுகிறது. எனவே குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் இரத்தக் கழிச்சலுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மறு ஊசி போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்த் தடுப்பு நாள். 1885-இல் அந்த நாளில்தான் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி போட்டு உயிர் பிழைக்கச் செய்தார். அந்நாளையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுகின்றன.

வீட்டு நாயே கடித்தாலும், குட்டியின் பல் பட்டாலும், உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது கூடாது.

தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு, மைய அரசின் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படியும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படியும் உள்ளாட்சிகளைச் சார்ந்தது. வளர்ப்பு நாய்களைப் பொறுத்தவரை தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் வளர்ப்பவரே பொறுப்பு. உள்ளாட்சி ஒரு பக்கம் நூறு நாய்களுக்குக் கருத்தடை செய்ய, மறு பக்கம் வீடுகளிலிருந்து சாக்குப் பையில் பெட்டைக் குட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தால் அந்த வேலைக்கு முடிவே இராது.

நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதில் கருத்தடைக்கு ஆகும் அலைச்சல் ஒரு நாள். கவனிப்பு பத்து நாள். அந்தப் பதினோரு நாளை ஒதுக்க முடிந்த வீட்டுக்குப் பெட்டையால் தொல்லை இல்லை. அதற்கும் நேரம் இல்லாத வீட்டில் கடுவனும் நெடு நாள் தங்காது. அடுத்த முறை குட்டி பார்க்கப் போகும்போது, எல்லோரும் பொறுக்கி எடுத்ததுபோக மூலையில் மீந்து நிற்கும் பெட்டைக் குட்டியை ஒரு முறை பின்னாலிருந்து கை தட்டிப் பார்க்கலாம். சட்டென்று திரும்பிப் பார்த்து, பயப்படாமல் ஓடி வருமானால், தோட்டத்துக்கு வேண்டிய காவல் அதுதான்.